தாயும் சேயும் நலம் என்ற பிறகு

(புனே நகரின் கராடியில், தமிழ்க் குடும்பங்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததும் உறவுக்காரர்களுக்குப் போகும் முதல் செய்தி மூன்றே சொல்லில் முடிந்துவிடுகிறது: தாயும் சேயும் நலம். இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் பெரும்பாலும் கணவர். அவருக்குச் சொன்னவர் டாக்டர், அல்லது கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்த சிஸ்டர். இந்தச் சங்கிலியில் தாயிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் கேட்காதது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவள் களைத்துக் கிடப்பாள். அடுத்த நாளும் கேட்பதில்லை, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் கேட்பதில்லை, ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வரும்போதும் தையல் ஆறியதா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இன்று நான் வைக்கப் போவது ஒரே ஒரு வாதம். பிரசவ அறையில் தனக்கு என்ன நேர்ந்தது என்று தாய் சொல்வது மருத்துவத்துக்கு வெளியே கிடக்கும் உபசார விஷயம் அல்ல. ரத்த அழுத்தத்தைப் போல, குழந்தையின் இதயத்துடிப்பைப் போல, அதுவும் ஒரு மருத்துவச் சான்று. அதைக் கேட்டுக் குறித்து வைக்காத மருத்துவமனை தன் சிகிச்சையில் ஒரு பாதியை அளக்காமலே விட்டுவிடுகிறது.

மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் 1840களின் வியன்னாவைப் பாருங்கள். அங்கே பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள். எந்த நாளில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதற்கு முறை வைத்திருந்தார்கள். முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலில் இறந்தவர்கள் சுமார் பத்துப் பேருக்கு ஒருவர். இரண்டாவதில் அதில் பாதிகூட இல்லை. பேராசிரியர்கள் காற்று, வானிலை, கூட்ட நெரிசல் என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் அதற்கு முன்பே தெளிவாக இருந்தார்கள். முதல் பிரிவின் முறைநாளில் வலி கண்டுவிட்டால், தங்களை அங்கே சேர்க்க வேண்டாம் என்று முழந்தாளிட்டுக் கெஞ்சினார்கள். வழியிலேயே, தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு; அவர்களுக்குக் காய்ச்சல் குறைவாகவே வந்தது. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் இதைப் பயந்த பெண்களின் புலம்பல் என்று தள்ளாமல் கவனித்தார். பிணவறையிலிருந்து நேராக வரும் மாணவர்களின் கைகளில்தான் கோளாறு என்று கண்டு, 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார்; சாவுகள் சரிந்தன. நுண்ணுயிரால் நோய் வரும் என்று மருத்துவம் இன்னும் ஏற்காத காலம் அது. நோயின் இருப்பிடத்தை டாக்டர்களுக்கு முன்பே சரியாகக் காட்டியவர்கள் அந்தத் தாய்மார்கள்தான்.

புனேக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. ஆனந்திபாய் ஜோஷிக்குப் பதினான்கு வயதில் பிறந்த குழந்தை பத்தே நாளில் இறந்தது. அந்த இழப்புதான் அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1883இல் வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி அரங்கில், தான் ஏன் அமெரிக்கா போகிறேன் என்று அவர் பொதுமேடையில் விளக்கிப் பேசினார். ஆண் மருத்துவரிடம் உடம்பைப் பற்றி வாய்திறக்கக் கூசும் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்பது அவர் வாதம். 1886இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் இந்துப் பெண்களின் பிரசவ முறைகள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிறைவதற்குள், புனேயில் இறந்துபோனார். பிறகு 1944இல் டாக்டர் பானு கோயாஜி, அன்று நாற்பது படுக்கைகள் மட்டுமே இருந்த புனேயின் கே.இ.எம். மருத்துவமனையில் சேர்ந்தார். அதைப் பெரிய மருத்துவமனையாக வளர்த்தவர், கட்டடம் மட்டும் போதாது என்று கண்டு, கராடிக்கு வடகிழக்கே இருக்கும் வடூ பகுதிக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றினார். பெண்கள் சொல்வதைக் காதில் வாங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பது புனேக்குப் புது யோசனை அல்ல.

ஒரு சந்தேகத்தை முதலிலேயே நீக்கிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு எதிரி அல்ல. 2005-06இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நூற்றுக்கு 39 பிரசவங்கள்தான் மருத்துவமனையில் நடந்தன. 2019-21 கணக்கெடுப்பில் அது 88.6 சதவீதம். மகாராஷ்டிரத்தில் 94.7, தமிழ்நாட்டில் 99.6. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இறக்கும் தாய்மார் எண்ணிக்கை 1997-98இல் 398 ஆக இருந்தது, 2018-20இல் 97 ஆகக் குறைந்தது. நம் பாட்டிமார் காலத்தில் பிள்ளைப்பேறு மறுபிறவி என்று சும்மா சொல்லவில்லை. 2018இல் திருப்பூரில் இணையக் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் உயிரிழந்தார். 2024இல் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வாட்ஸ்அப் குழு ஒன்றின் யோசனைப்படி ஒரு தம்பதி வீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டது போலீஸ் வரை போனது. இவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் படித்தவர்கள்கூட ஏன் அப்படி ஓடுகிறார்கள் என்று மருத்துவமனைகள் ஒருமுறையாவது தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா? அறியாமை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். வியன்னாவிலும் அப்படித்தான் சொல்லி முடித்தார்கள்.

இப்போது முதல் மறுப்பு, கனமான மறுப்பும் அதுதான். "உயிர் பிழைத்தால் போதாதா? நாலு மணி நேரம் மனசு கஷ்டப்பட்டதைப் பெரிதாகப் பேசலாமா?" உயிரா, மனசா என்று தராசின் இரண்டு தட்டில் வைத்தால் எல்லாரும் உயிரைத்தான் எடுப்போம். ஆனால் சான்றுகள் அப்படி இரண்டு தட்டாகப் பிரிந்து நிற்கவில்லை. பிரசவ நேரம் முழுக்கத் தாயின் கூடவே ஒருவர் இருந்தால் என்ன ஆகும் என்று 17 நாடுகளில், 15,858 பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் வாய்ப்பு கால் பங்கு குறைந்தது. வலி நேரம் சராசரியாக நாற்பது நிமிடம் சுருங்கியது. பிரசவம் மோசமான அனுபவமாக இருந்தது என்று சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அனுபவத்தை மேம்படுத்திய அதே காரியம் அறுவையையும் குறைத்தது. பயந்துபோன உடம்பு வலியை வேறு விதமாகத் தாங்குகிறது என்பது அந்தக் காலத்து மருத்துவச்சிகளுக்குத் தெரிந்த சங்கதி. அதை நிரூபிக்க நமக்கு இத்தனை ஆய்வுகள் தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

சிசேரியன் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நாடு முழுவதும் 2019-21இல் 21.5 சதவீதம். அரசு மருத்துவமனைகளில் 14.3, தனியாரில் 47.4. தமிழ்நாட்டில் மொத்தம் 44.9, தனியாரில் மட்டும் 63.8. மகாராஷ்டிரத்தில் 25.4. அதே காலகட்டத்துத் தாய் இறப்பு விகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 54, மகாராஷ்டிரத்தில் 33. கத்தி அதிகம் எடுத்த மாநிலத்தில் சாவு குறைவாக இல்லை. உடனே யாராவது கேரளத்தைக் காட்டுவார்கள். அங்கே சிசேரியன் 38.9, இறப்பு 19. நியாயம். ஆக இரண்டுக்கும் இடையே நேர்கோடு இல்லை, எந்தப் பக்கமும் இல்லை. மக்கள்தொகை அளவில் பத்து சதவீதத்தைத் தாண்டிய பிறகு சிசேரியன் கூடுவதால் தாய், சேய் சாவுகள் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அதே அறிக்கையில், குறிப்பிட்ட சதவீதத்தைத் துரத்தாதீர்கள், தேவைப்படும் பெண்ணுக்குக் கட்டாயம் கிடைக்கச் செய்யுங்கள் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நம் கூட்டங்களில் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. சிசேரியன் செய்துகொண்ட பெண்ணை ஏதோ குறைந்தவளாகப் பார்க்கும் மாமியார் பேச்சுக்கு என் வாதத்தில் இடமில்லை.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துப் பாருங்கள். சிசேரியன் ஏன் என்பதற்கு ஒரு வரி இருக்கும்: "நான்-ப்ரோக்ரஸ் ஆஃப் லேபர்", வலி முன்னேறவில்லை. எதை வைத்து முன்னேறவில்லை என்கிறார்கள்? 1955இல் அமெரிக்காவில் இமானுவேல் ஃப்ரீட்மேன் தலைப்பிரசவப் பெண்கள் 500 பேரைக் கவனித்து ஒரு வரைபடம் போட்டார். அதிலிருந்து, கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு உலகம் முழுக்கப் பிரசவ அறைகளின் சுவரில் ஏறிவிட்டது. 2010இல் ஜுன் ஜாங்கும் சக ஆய்வாளர்களும் 62,415 பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆறு சென்டிமீட்டர் வரைக்கும் வலி மெதுவாகத்தான் நகர்கிறது, அது இயல்பு என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி இந்த மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விதியைக் கைவிட்டது. ஐந்து சென்டிமீட்டரில்தான் தீவிர கட்டம் தொடங்குகிறது, தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும் வரை அதற்கு முன் அவசரப்பட்டு மருந்தோ கத்தியோ வேண்டாம் என்றது. அதாவது "எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்று கேட்ட எத்தனையோ பெண்கள் சொன்னது சரி, சுவரில் தொங்கிய வரைபடம் தவறு. அவர்கள் சொன்னது எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. பதிவாகியிருந்தால் இந்தத் திருத்தத்துக்கு அறுபது ஆண்டு ஆகியிருக்குமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

இன்னொரு மறுப்பு: பெண்களே கேட்கிறார்கள், வயது கூடிக் கல்யாணம், சர்க்கரை, செயற்கைக் கருத்தரிப்பு, அதனால்தான் தனியாரில் எண்ணிக்கை கூடுகிறது. கொஞ்சம் உண்மைதான். ஆனால் அம்ப்ரீஷ் டோங்ரே, மிதுல் சுரானா இருவரும் முந்தைய தேசியக் கணக்கெடுப்பை வைத்து, தாயின் வயது, வசதி, உடல்நிலை போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும், தனியாரில் பிரசவித்தால் சிசேரியன் ஆவதற்கான வாய்ப்பு சுமார் 14 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகவே நின்றது. உடம்பை வைத்து விளக்க முடியாத மிச்சம் அது. அதில் பணம் ஒரு பங்கு. நார்மல் பேக்கேஜ் ஒரு விலை, சிசேரியன் பேக்கேஜ் வேறு விலை, கராடி ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் குழுக் காப்பீடுகளில் பலவும் இரண்டுக்கும் தனித்தனி உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் பணம் மட்டும் என்று சொல்வது டாக்டர்களுக்கு அநியாயம். ஒரே ஒரு மகப்பேறு மருத்துவர் நடத்தும் நர்சிங் ஹோமில் பதினான்கு மணி நேரம் ஒரே கட்டிலருகே யார் உட்காருவது? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கு வரும், சில ஊர்களில் கண்ணாடியை உடைக்கும் கூட்டமும் வரும். சிசேரியன் செய்யாததற்காகத் திட்டு வாங்கிய டாக்டர் உண்டு, செய்ததற்காக வாங்கியவர் அபூர்வம். இதற்கு வழி டாக்டரைக் குற்றவாளியாக்குவதில் இல்லை, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைக் கூடச் சேர்ப்பதில் இருக்கிறது. 2018இல் மத்திய அரசே இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை அதற்கு முன்பே செய்துகாட்டிவிட்டது. வலிக்குப் பயந்து சிசேரியன் கேட்கும் பெண்ணிடமும், முதுகில் போடும் எபிடியூரல் ஊசி பற்றி முன்கூட்டியே யாராவது பேசினார்களா என்று கேட்டுவிட்டு, அப்புறம் அதை அவள் விருப்பம் என்று எழுதுங்கள்.

கராடிக்கு வருகிறேன். ஈயான் ஐ.டி. பார்க்கைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகளில் இருக்கும் தமிழ்ப் பெண்ணின் நிலை தனி ரகம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். வேலை, ஸ்கேன், ஏற்கெனவே பார்க்கும் டாக்டர் என்று பல காரணங்களால் அவள் இங்கேயே இருக்கிறாள், அம்மா ரயிலேறி இங்கே வருகிறார். பிரசவ அறைக் கதவுக்குள் அந்த அம்மாவுக்கு அனுமதி இருக்கிறதா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுகிறது. உள்ளே டாக்டர் ஆங்கிலத்தில் பேசுவார், சிஸ்டர் இந்தியில், மாவ்ஷி எனப்படும் ஆயா மராட்டியில். பகலில் மூன்று மொழியும் சமாளிப்பவள்தான். இடுப்புவலி உச்சத்தில் மனுஷிக்குத் தாய்மொழி ஒன்றுதான் வரும். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில், வெளியே நிற்கும் கணவர் கையெழுத்தோடு. இப்படி வாங்கிய சம்மதத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்போ, மருத்துவ அறத்தில் மதிப்பு குறைவுதான். இதற்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்ற திட்டம் 2004இலேயே வந்தது. மத்திய அரசு 2016இல்தான் அதை நாடு முழுவதற்கும் சொன்னது. தொற்று வரும், கூட்டம் சேரும், பக்கத்துக் கட்டில் பெண்ணின் மறைவு போகும் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. எழும்பூர், மதுரை அரசு மருத்துவமனைகளில் இருக்கும் கூட்டத்தைவிடக் கராடியின் தனியறைகளில் கூட்டம் அதிகமா? மறைவு பிரச்சினை என்றால் கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை போதும்.

தனியறைப் பேச்சோடு நிறுத்தினால் அது பாதிக் கராடிதான். இந்த அடுக்குமாடிகளைக் கட்டிய தொழிலாளிகளின் மனைவிமாரும் இங்கேதான் பிள்ளை பெறுகிறார்கள். மாநகராட்சியின் எரவாடா மருத்துவமனைக்கோ, ஸ்டேஷன் பக்கத்துச் சசூன் அரசு மருத்துவமனைக்கோ போகிறார்கள். மகப்பேறு மருத்துவ உலகில் இந்த இரண்டு துன்பத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள்: சிலருக்கு மிகக் குறைவாக, மிகத் தாமதமாக, சிலருக்கு மிக அதிகமாக, மிக முன்கூட்டியே. கானா, கினி, மியான்மர், நைஜீரியா நான்கு நாடுகளில் 2,016 பெண்களின் பிரசவத்தை நேரில் கவனித்து 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், 41.6 சதவீதம் பேர் அடி, வசவு, இழிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானார்கள். பிறப்புறுப்பில் கத்தரி வைத்த 253 பேரில் நான்கில் மூன்று பங்கினரிடம் அனுமதி கேட்கவில்லை. நம் ஊரில் இப்படி இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டம், பிரசவ அறையில் மரியாதையான கவனிப்பை ஒரு குறிக்கோளாகவே எழுதி வைத்திருக்கிறது. இல்லாத நோய்க்கு யாரும் மருந்து எழுதுவதில்லை. 2025 மார்ச் இறுதியில் புனேயின் பெரிய மருத்துவமனை ஒன்றில், இரட்டைக் கரு சுமந்த பெண்ணிடம் பெருந்தொகை முன்பணம் கேட்டதாக எழுந்த குற்றச்சாட்டும், பின்னர் வேறு மருத்துவமனையில் அவர் இறந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். மருத்துவமனை குற்றச்சாட்டை மறுத்தது, விசாரணைகள் நடந்தன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்த மேடையின் வேலை அல்ல. சேர்க்கை மேசையில் நடக்கும் பேச்சும் பிரசவத்தின் ஒரு பகுதிதான் என்பதை அதன்பின் நகரமே ஒப்புக்கொண்டது.

கடைசி மறுப்பு, அறிவியல்காரர்களிடமிருந்து வருவது: அனுபவம் அகவயமானது, நினைவு மாறும், அளக்க முடியாது. வலியையே பத்துக்கு எத்தனை என்று நோயாளியைக் கேட்டுத்தான் சிகிச்சை கொடுக்கிறோம். அப்போது அகவயம் என்று யாரும் தயங்குவதில்லை. அதோடு, நான் கேட்கச் சொல்லும் கேள்விகளில் பாதி அகவயமே அல்ல. தையல் போடுமுன் சொன்னார்களா? தண்ணீர் குடிக்க விட்டார்களா? எழுந்து நடக்க விட்டார்களா? துணைக்கு யார் இருந்தார்கள்? சிசேரியன் என்று முடிவானபோது காரணத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் யார் சொன்னது? இவற்றுக்கு ஆம், இல்லை என்ற பதிலே போதும். ஒரு மாதத்து விடைகளைக் கூட்டிப் பார்த்தால் எந்த ஷிஃப்டில், எந்த வார்டில் கோளாறு என்று நிர்வாகத்துக்கே தெரிந்துவிடும்.

ஆகவே இங்கிருக்கும் இளம் தம்பதியருக்கு என் வேண்டுகோள். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது டீலக்ஸ் அறையின் சோபாவைப் பார்ப்பதற்கு முன், உங்கள் சிசேரியன் விகிதம் என்ன, அதிலும் தலைப்பிரசவத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் இதை எழுதி வைக்க வேண்டும் என்று 2017இலேயே உத்தரவு வந்தது. மற்றவர்கள் சொல்வதற்கு என்ன தடை? பிரசவ அறைக்குள் அம்மாவோ கணவரோ வரலாமா என்று வலி வந்த இரவில் கேட்காமல், ஐந்தாம் மாதத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். நோயாளிகளின் உரிமைப் பட்டயத்தை மருத்துவமனைகளில் வைக்க வேண்டும் என்று மகாராஷ்டிரத்தின் நர்சிங் ஹோம் விதிகள் 2021 ஜனவரியிலிருந்து சொல்கின்றன. அது எங்கே தொங்குகிறது என்று பாருங்கள், தொங்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளின் நகல் கேட்டுப் பெறலாம் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பட்டயம் சொல்கிறது. அதை வாங்குங்கள், அதில் எழுதியிருப்பதும் அந்தப் பெண் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று அவளிடமே கேளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மருத்துவமனைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.